மரம் 'மாம' ஆன கதை: தமிழ்ச் சொற்றொடரை ஒரே துண்டாக வெட்டிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மரக்கன்று நடும் நாளுக்காக மேசை மேல் நிற்கும் ஒரு பெயர்ப்பலகை தேவைப்பட்டது. வாசகம் 'மரம் வளர்ப்போம்', ஒரு சொல்லுக்கு ஒரு வரியாக இரண்டு வரி. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பச்சை அட்டையில், பின்னால் வேறு தாள் எதுவும் ஒட்டாமல், எழுத்துகளே ஒன்றையொன்று தாங்கி ஒரே துண்டாக நிற்க வேண்டும். அடிப்பகுதி, பள்ளம் இழைத்த ஒரு மரச்சட்டத்தில் செருகி நிற்கும். இருந்தது வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறிய கைவினை வெட்டு இயந்திரம். அட்டையை ஒட்டிவைத்து வெட்டும் பசை விரிப்பான அதன் மேட் 12 அங்குலச் சதுரம். வாசகத்தின் அகலத்தை 28 செ.மீ. என்று வைத்துக்கொண்டார்கள்.

வடிவமைத்தவர் இந்த இயந்திரத்துக்குப் புதியவர் அல்ல. இரண்டு வருடங்களாக ஆங்கிலப் பெயர்களைக் கூட்டெழுத்து ஃபான்டில் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். தமிழில் வெட்டுவது இதுதான் முதல் தடவை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து, கோடுகளாகப் படத்தைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, இயந்திரத்தோடு வந்த மென்பொருளில் திறந்து வெட்டுவது அவர் வழக்கம். எனக்கு அவர் பல வருடப் பழக்கம். இந்த வேலையில் நான் முதலில் தொலைபேசியில் யோசனை சொன்னேன், பிறகுதான் கோப்பைப் பார்த்தேன். அந்த வரிசை தவறு என்பது கீழே தெரியும்.

முதல் வெட்டு

ஆங்கிலக் கூட்டெழுத்து ஃபான்ட்களில் ஒவ்வொரு எழுத்தின் முடிவிலும் அடுத்த எழுத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு வால் இருக்கும். இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். அதே பழக்கத்தில் தமிழையும் தட்டச்சு செய்து, எழுத்துகள் உரசும் வரை இடைவெளியைக் குறைத்திருக்கிறார். பிறகு எழுத்துகளைப் பாத்தாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'கம்பைன்' கொடுத்திருக்கிறார். திரையில் முழுக்கக் கறுப்பாக, ஒட்டியதாகவே தெரிந்தது.

மேட்டிலிருந்து உரித்தபோது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்த இடங்களில் நகக்கீறல் போல மெல்லிய சீவல்கள். புள்ளிகள் நான்கும் மேட்டிலேயே ஒட்டிக் கிடந்தன. போட்டோ அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"அக்கா, ஸ்கிரீன்ல எல்லாம் ஒட்டித்தானே இருக்கு? மெஷின் ஏன் நடுவுல வெட்டுது?"

பதில் எளிது. நம் கண் நிரப்பிய நிறத்தைப் பார்க்கிறது; கத்திக்கு நிறம் கிடையாது, கோடு மட்டும்தான். 'கம்பைன்' என்பது பல கோடுகளை ஒரே பொருளாகக் கட்டிவைக்கிறது, அவ்வளவுதான். ம-வின் விளிம்பு ர-வுக்குள் புகுந்திருந்தால், புகுந்த கோடு அப்படியே இருக்கும். கத்தி அதன் மேலும் ஓடும். உள்ளே புகுந்த கோடுகளைக் கரைத்து வெளிவிளிம்பை மட்டும் விடுவது 'யூனியன்'. வெட்டு இயந்திர மென்பொருள்கள் பலவற்றில் இதையே 'வெல்ட்' என்கிறார்கள். ஆங்கிலப் பெயர்களுக்கு அவர் எப்போதும் இயந்திர மென்பொருளின் வெல்ட் பொத்தானைத்தான் அழுத்தி வந்திருக்கிறார். இந்த முறை இங்க்ஸ்கேப்பிலேயே முடித்துவிடலாம் என்று பார்த்தபோது, பெயர் ஒத்துப்போவதாகத் தோன்றிய கட்டளையை எடுத்துவிட்டார்.

நான் சொன்னது இரண்டு விஷயம்: கம்பைனுக்குப் பதில் யூனியன் கொடு, இரண்டு வரிக்கும் அடியில் ஒரு பட்டை வை, எழுத்தெல்லாம் அதில் நிற்கும். கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

இரண்டாம் வெட்டு

15 மி.மீ. தடிமனில் இரண்டு பட்டைகள் வைத்தார். முழு அகலம் 28 செ.மீ.; எழுத்துகளின் அடிவரிசையில் மேல்விளிம்பு பதியும்படி வைத்து யூனியன் கொடுத்தார். இந்தத் தடவை கத்தி சரியாகவே ஓடியது. உரித்தபோது இரண்டு வரிகள் இரண்டு துண்டுகளாக, கெட்டியாக வந்தன. புள்ளிகள் மறுபடியும் மேட்டில். அவற்றை ட்வீசரால் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து, துண்டுகளைச் சுவரில் சாய்த்துவைத்திருக்கிறார்.

பக்கத்திலிருந்த சிறுவன் எழுத்துக் கூட்டி வாசித்தான்: "மா... ம... மாம?"

அவன் வாசித்ததில் தவறில்லை. ர-வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசமே கீழே இறங்கும் அந்தச் சாய்ந்த வால்தான். முதல் வரியில் எழுத்து 7 செ.மீ. உயரம், வால் அடிவரிசைக்குக் கீழே 14 மி.மீ. இறங்குகிறது. பட்டை 15 மி.மீ. வாலை முழுசாக விழுங்கிவிட்டது. மரம், புள்ளியும் வாலும் போய் 'மாம' ஆனது. இரண்டாம் வரியும் அதே கதி: 'வளாபபோம'.

இந்த இடத்தில் பிழை என்னுடையது. பட்டை வைக்கச் சொன்னவள் நான். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அடிப்பட்டை வைத்தால் பெரும்பாலும் எதுவும் கெடாது. தமிழில் ர, ற, ழ, பு, து என்று அடிவரிசைக்குக் கீழே இறங்கும் உறுப்பில்தான் பல எழுத்துகளின் அடையாளமே இருக்கிறது. பு-வின் கீழ்க்கோட்டைப் பட்டை மூடினால் மிஞ்சுவது ப. யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை.

கோப்பைத் திறந்து பார்த்தது

இரண்டாம் வெட்டுக்குப் பிறகுதான் கோப்பை வாங்கினேன். நல்லவேளையாக, பாத்தாக மாற்றுவதற்கு முந்தைய தட்டச்சு நிலையையும் தனியே ஒரு பிரதி வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் மீண்டும் ஆரம்பத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

முதலில் எண்ணினோம். 'மரம் வளர்ப்போம்' கண்ணுக்கு ஒன்பது எழுத்து. கத்திக்கு அது பதினைந்து துண்டு: ம், ர், ப், ம் ஆகிய நான்கின் புள்ளிகள் தனி, போ என்பது ஏகாரக் கொம்பு, ப, கால் என மூன்று துண்டு. தமிழ் அச்செழுத்துகள் இயல்பாகவே ஒன்றையொன்று தொடாமல் நிற்பவை. எனவே எங்கே ஒட்டவைப்பது என்று ஃபான்ட் சொல்லித்தராது. ஒவ்வொரு இணைப்பையும் நாமே தீர்மானிக்க வேண்டும்.

காட்சி முறையை அவுட்லைனுக்கு மாற்றினால் நிறமெல்லாம் மறைந்து கோடுகள் மட்டும் தெரியும். கத்தி பார்ப்பது ஏறக்குறைய அதைத்தான். அதில் இரண்டு சங்கதிகள் தெரிந்தன. முதலாவது, யூனியனுக்குப் பிறகும் கொம்புக்கும் ப-வுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு முக்கோணத் தூசி மிஞ்சியிருந்தது. கத்தி அதையும் வெட்ட முயலும். அட்டை அங்கே நைந்துபோகும். அழித்தோம். இரண்டாவது, வளைவுகள் வழக்கத்தை விடச் சொரசொரப்பாக இருந்தன. கேட்டால், கோடு மழமழவென்று வரட்டும் என்று 'சிம்ப்ளிஃபை' இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார். கோட்டின் வளைவைப் பிடித்துவைக்கும் நோட்கள் குறையும்தான், ஆனால் ம-வின் சுழி முட்டை போலக் கோணிவிட்டது, நேர்க்கோடு நேர்க்கோடாக இல்லை. ஃபான்டிலிருந்து நேராக வந்த பாத்துக்கு சிம்ப்ளிஃபை அநேகமாகத் தேவையே இல்லை. அது படத்தை ஸ்கேன் செய்து டிரேஸ் எடுத்தவர்களுக்கான மருந்து.

எடுத்த முடிவுகள்

பட்டையை விட்டுவிடலாமா என்றுதான் முதலில் பேசினோம். எழுத்துகளை நெருக்கி உரசவிட்டால் போதாதா? போதாது. ள-வும் ர-வும் தொடும் இடம் ஒரு வளைவின் முனை இன்னொரு வளைவில் படுவது. அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மீதமிருந்த அட்டையில் 1, 1.5, 2, 3 மி.மீ. அகலத்தில் நான்கு கீற்றுகளை வெட்டி உரித்துப் பார்த்தோம். முதலாவது உரிக்கும்போதே சுருண்டு கிழிந்தது. 1.5 தாங்கியது, ஆனால் மடங்கிய தடம் விழுந்தது. 2 நன்றாக இருந்தது. இந்த அட்டைக்கு எந்த இணைப்பும் 2.5 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். வேறு அட்டையானால் கீற்றுகளை மறுபடி வெட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆக, பட்டை இருக்கட்டும்; ஆனால் இரண்டு வரிக்கும் ஒரே தடிமனில் வேண்டாம் என்று முடிவானது.

முதல் வரியின் பட்டையை 6 மி.மீ. ஆக்கினோம். ர-வின் 14 மி.மீ. வாலில் 8 மி.மீ. கீழே நீட்டிக்கொண்டு நிற்கும். அது போதும், மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் மரம் மரமாகவே தெரிந்தது.

இரண்டாம் வரியில் இதைச் செய்ய முடியவில்லை. கீழ்ப்பட்டைதான் மரச்சட்டத்தின் பள்ளத்தில் இறங்குவது. வால் நீட்டிக்கொண்டிருந்தால் பலகை உட்காராது. பட்டையை மெலிதாக்கினால் நிற்காது. இங்கே எங்களுக்குக் கைகொடுத்தது பழைய அச்சு. உலோக எழுத்துக் காலத்துப் புத்தகங்களில் ர் என்பதைப் பெரும்பாலும் வாலில்லாமல், கால் போலப் போட்டு மேலே புள்ளி வைத்திருப்பார்கள். ரி, ரீ-யும் அப்படித்தான். துணைக்காலுக்குப் புள்ளி வராது என்பதால் குழப்பம் இல்லை. ஆகவே 'வளர்ப்போம்' என்பதில் ர்-இன் வால் 15 மி.மீ. பட்டைக்குள் மறைந்தாலும், புள்ளி இருக்கும் வரை வாசிக்கலாம் என்று விட்டோம். 'மரம்' என்பதில் உள்ள ர-வுக்குப் புள்ளி இல்லை. அதன் வாலை மட்டும் எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டியிருந்தது.

இனிப் புள்ளிகள். வேலையில் பாதி நேரம் இங்கேதான் போனது.

புள்ளியை எழுத்தோடு இணைக்க ஒரு சிறு கழுத்து வேண்டும். கழுத்து எங்கிருந்து கிளம்புகிறது என்பதில் எழுத்தே மாறிவிடுகிறது. ம-வின் வலது கோடியிலிருந்து கழுத்து எழும்பி மேலே உருண்டையாக முடிந்தால், தூரத்திலிருந்து அது மீ போலத் தெரிகிறது. சற்று இடப்பக்கம் தள்ளி, சுழியின் உச்சியில் 2.5 மி.மீ. அகலத்தில் நேராக எழுப்பினால் ம் ஆகவே தெரிகிறது. ர-வுக்கு மேலே நேர்க்கோடு இருப்பதால் நடுவில் கழுத்து வைக்க இடம் கிடைத்தது.

ப்-தான் மாட்டிக்கொண்டது. ப-வுக்கு மேலே வாய் திறந்திருக்கிறது. புள்ளிக்குக் கீழே வெறும் காற்று. இடது தூணிலிருந்தோ வலது தூணிலிருந்தோ கழுத்தை வளைத்துக் கொண்டுவரலாம். வலமிருந்து கொண்டுவந்தால் அது பி, சந்தேகமே இல்லை. இடமிருந்து கொண்டுவந்தால் எந்த எழுத்தும் இல்லை, ஏதோ கொக்கி. தூண்களுக்கு நடுவே குறுக்கே ஒரு கம்பி போட்டால் ப பெட்டியாகிவிடும். ஒரு மாலை முழுக்க இதில் போனது.

கடைசியில் வழி மேலிருந்து வந்தது. முதல் வரியின் பட்டை இரண்டாம் வரிக்கு நேர் மேலே முழு அகலத்துக்கும் ஓடுகிறது. ப்-இன் புள்ளியை எழுத்திலிருந்து எழுப்புவதை விட்டு, அந்தப் பட்டையிலிருந்து தொங்கவிட்டோம். வரி இடைவெளியைக் குறைத்து, புள்ளியின் உச்சி பட்டைக்குள் 1.5 மி.மீ. ஏறும்படி நிறுத்தினோம். கூடவே ர், ம் ஆகியவற்றின் புள்ளிகளும் மேலே பட்டையைத் தொட்டன. கீழே அவற்றுக்குக் கழுத்து ஏற்கெனவே உண்டு. அப்படியே இரண்டு வரிகளுக்கும் நடுவே இரண்டு தூண் கிடைத்துவிட்டது. வரிகளை எப்படி இணைப்பது என்ற கேள்விக்குத் தனியாக விடை தேட வேண்டியிருக்கவில்லை.

ஒரு சின்னத் தொல்லை: மேலிருந்து இறங்கும் ர-வின் வால் கீழே ர்-இன் புள்ளிக்கு ஒட்டினாற்போல வந்து நின்றது. இரண்டாம் வரியில் ள-வுக்குப் பிறகு உள்ள எழுத்துகளை 7 மி.மீ. வலப்பக்கம் தள்ளினோம். இடைவெளி சற்றே சீரற்றுப்போனது, யாரும் கவனிக்கவில்லை.

ம-வின் வயிறு அடைபட்டது

வெட்டுவதற்கு முன்பே பிடிபட்ட பிழை இது. ஆனாலும் எழுதிவைப்பது நல்லது, ஏனென்றால் தமிழில் இது திரும்பத் திரும்ப வரும்.

அவர் பயன்படுத்திய ஃபான்டில் ம் என்பது புள்ளியோடு சேர்ந்த ஒரே உரு. பாத்தாக மாற்றி, குழுவைக் கலைத்த பிறகும் புள்ளி தனியாக நகரவில்லை. 'பிரேக் அபார்ட்' கொடுத்தார். இப்போது மூன்று துண்டு: ம-வின் வெளிவிளிம்பு, சுழிக்குள் இருக்கும் ஓட்டை, புள்ளி. பிரிந்த மாத்திரத்தில் ஓட்டை ஓட்டையாக இல்லை. கறுப்பு நிரம்பிய தனி வடிவமாக வெளிவிளிம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. புள்ளியை நகர்த்திவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து யூனியன் கொடுத்ததும் ஓட்டை உடம்போடு கரைந்துவிட்டது. ம-வின் வயிறு அடைபட்டுக் கறுப்புக் கட்டியாக நின்றது.

திருத்த இரண்டு வழி. பிரித்த பிறகு வெளிவிளிம்பையும் ஓட்டையையும் மட்டும் தேர்ந்தெடுத்து 'டிஃபரன்ஸ்' கொடுத்தால் ஓட்டை திரும்பும். இன்னும் சுருக்கமானது, பிரிக்காமலே நோட் கருவியை எடுத்து, புள்ளியைச் சுற்றி ஒரு பெட்டி இழுத்து, அதன் நோட்களை மட்டும் தேர்ந்தெடுத்து அம்புக்குறி விசையால் நகர்த்துவது. இரண்டாவதைத்தான் மற்ற எழுத்துகளுக்கும் செய்தோம்.

மூன்றாம் வெட்டும் அளவுச் சிக்கலும்

மூன்றாவது கோப்பை இயந்திர மென்பொருளில் திறந்தபோது அகலம் 37.3 செ.மீ. என்று காட்டியது. எழுதும் மென்பொருள் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று எழுத, படிக்கும் மென்பொருள் 72 என்று படித்தால் 28 செ.மீ. சரியாக அந்த அளவுக்கு ஊதிவிடும். இங்க்ஸ்கேப்பே 2017-இல் வந்த 0.92 பதிப்புக்கு முன்பு 90 என்ற கணக்கில்தான் எழுதிக்கொண்டிருந்தது. பழைய கோப்புகளை எடுப்பவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம். முந்தைய இரண்டு வெட்டிலும் அவர் மூலையைப் பிடித்து இழுத்து, மேட்டுக்குள் அடங்கும்வரை கண்மதிப்பில் சுருக்கியிருக்கிறார். கழுத்துகளை 2.5 மி.மீ. என்று கணக்குப் பண்ணி வைத்த பிறகு கண்மதிப்புக்கு இடமில்லை. அகலப் பெட்டியில் 28 என்று எண்ணாகவே தட்டச்சு செய்து, பூட்டுக் குறியைப் போட்டு உயரமும் கூடவே குறையவிட்டோம்.

வெட்டும் முன் சாதாரணத் தாளில் அச்சடித்து, வாசகம் தெரியாத ஒருவரிடம் காட்டினோம். தயங்காமல் வாசித்தார்.

பலகை ஒரே துண்டாக வந்தது. உரிக்கும்போது அட்டையை மேட்டிலிருந்து இழுக்காமல், மேட்டைக் கவிழ்த்து, மேட்டை வளைத்து எடுத்ததால் கழுத்து எதுவும் மடங்கவில்லை.

பின்னர் நடந்தவை

பார்த்தவர்களில் ஓர் ஆசிரியர் மட்டும் ர்-க்கு வால் எங்கே என்று கேட்டார். பழைய அச்சு பற்றிச் சொன்னோம். "பிள்ளைங்க பார்க்கிற பலகைம்மா, அவங்க புத்தகத்துல வாலோடதானே இருக்கு" என்றார். அவர் சொன்னதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் அதே வாசகத்தைக் கண்ணாடிக் கதவில் ஒட்ட வினைலில் கேட்டார்கள். முதலில் அதே கோப்பையே வெட்டினார். பட்டையும் கழுத்துமாக அது கதவில் பூட்டுப் போட்டதுபோல இருந்தது. வினைலில் துண்டுகளைப் பிடித்துக்கொள்வது டிரான்ஸ்ஃபர் டேப்பின் வேலை. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. தட்டச்சுப் பிரதியிலிருந்து மறுபடி தொடங்கி, புள்ளிகளைச் சுதந்திரமாக விட்டு வெட்டியபோது சரியாக வந்தது. ஒரு புள்ளி மட்டும் தேவையற்ற வினைலை உரிக்கும்போது கூடவே கிளம்பிப் போனது.

மறுபடி செய்தால்

கோப்பைப் பார்க்காமல் யோசனை சொல்ல மாட்டேன். அது முதல்.

தட்டச்சு செய்தவுடனேயே துண்டுகளை எண்ணுவேன். எத்தனை எழுத்து என்பதல்ல, எத்தனை தனித் துண்டு, அவற்றில் எத்தனை புள்ளி, எந்தப் புள்ளிக்குக் கீழே வாய் திறந்த எழுத்து இருக்கிறது. ஊ, ஔ போன்றவை வந்தால் அவற்றின் உள்ளே அல்லது பக்கத்தில் ஒட்டாமல் நிற்கும் சின்ன ள-வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆய்த எழுத்து வந்தால் மூன்று புள்ளிக்கும் இடம் தேட வேண்டும். அந்த வாசகத்துக்குப் பின்னால் தாள் ஒட்டிவிடுவதே மேல் என்பது என் எண்ணம்.

சட்டத்தில் நிறுத்துவதாக இருந்தால், கீழ்ப்பட்டையின் நடுவே ர்-இன் வாலுக்கு நேராக ஒரு சிறு இடைவெளியைச் சட்டத்திலேயே வெட்டச் சொல்லியிருப்பேன். மரத்தில் ஒரு சென்டிமீட்டர் குடைவது பெரிய வேலை அல்ல. அட்டையில் மட்டுமே தீர்வு தேடிக்கொண்டிருந்ததால் அது எங்களுக்குத் தோன்றவில்லை.

பலகை இப்போதும் நிற்கிறது. ஏகாரக் கொம்பு கீழ்ப்பட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு, மேலே எதையும் தொடாமல் இருப்பதால், மூன்றாம் மாதத்தில் முன்பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறது. பின்னால் ஒரு சிறு அட்டைத் துண்டை ஒட்டி நிமிர்த்தி வைத்திருக்கிறார்.